அவிழ்த்து விட்டவள்

எனக்கு மாடு என்றாலே ஆகாது. சாண வாடையும் ஈயும் ஆகாது. விடியும் முன்னே பால் பாத்திரங்கள் போடுகிற ரகளை சுத்தமாக ஆகாது. தையல் மெஷின் அப்படியில்லை. அதற்குப் பசிக்காது, மிதித்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும், தன்பாட்டில் எங்கேயும் கிளம்பிப் போகாது. அதனால்தான் நான் தையல்காரியானேன் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட என்னை ஏழு மாடுகளோடு ஒரே வாசலில் குடியிருக்க வைத்தவள் என் தம்பி பெண்டாட்டி. நான் லேசில் யாரையும் மெச்சுகிறவள் அல்ல. ஆனால் அவளை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஊரில் அவளுக்கு டமாரம் என்று பட்டப்பெயர். பெயரைக் கேட்டால் பெரிய வாயாடி என்று நினைப்பீர்கள். பக்கத்தில் நின்று பேசினாலே, என்ன சொன்னே, இன்னொரு தரம் சொல்லு என்று கேட்க வேண்டிய ஆள் அவள். சின்ன வயதில் வந்த தொண்டைக் காய்ச்சல் குரலில் பாதியைக் கொண்டு போய்விட்டதாம். மிச்சமிருந்த பாதியைச் சிக்கனமாகச் செலவு செய்தாள். எட்ட மேய்கிற மாட்டைக் கத்திக் கூப்பிட அவளால் முடியாது. அதனால் தீவனம் கலக்கும் பழைய எண்ணெய் டின்னைத் தூக்கிப் பிடித்து ஒரு கட்டையால் தட்டுவாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அந்தச் சத்தம் கேட்டால் போதும், மாடுகள் வாயில் இருக்கிற புல்லை விழுங்காமல்கூடக் கிளம்பி வந்துவிடும். தெருவில் யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை. டமாரம் தட்டியாச்சு, எழுந்திரு என்று பிள்ளைகளை எழுப்புவார்கள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இங்கே மாடு கிடையாது. தம்பி பால் வேன் ஓட்டுகிறவன். அடுத்தவர் மாட்டுப் பாலை ஊர் ஊராக எடுத்துப் போவதோடு அவனுக்கும் மாட்டுக்கும் உள்ள சம்பந்தம் முடிந்தது. இவள் வந்து கொஞ்ச நாளிலேயே காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒரு கிடாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கசாப்புக்குப் போக இருந்ததாம். எலும்பும் தோலுமாக வாசலில் நின்ற அதைப் பார்த்து, இருக்கிற செலவு போதாதா என்று நான்தான் முதலில் எகிறினேன். அவள் நேரே மாடிக்கு ஏறினாள். என் அறையில் கிடந்த வெட்டுத் துணிகளை ஒரு கூடை அள்ளிக்கொண்டு போய் அந்தக் காலுக்கு மருந்து வைத்துக் கட்டினாள். தினமும் கட்டை அவிழ்ப்பாள், கழுவுவாள், மறுபடி கட்டுவாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கிடாரி நான்கு காலிலும் நின்றது.

அந்தக் கிடாரிக்குத்தான் பின்னாளில் மேனேஜர் என்று பெயர் வைத்தோம். எல்லா மாடும் தொழுவத்துக்குள் போன பிறகுதான் அது உள்ளே போகும். அதுவரை வாசலில் நின்று ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்க்கும். தாமதமாக வருகிற மாட்டுக்குக் கொம்பால் ஒரு இடி. அதன் மகள், பேத்தி என்று பெருகி, வெளியிலிருந்து ஒன்றிரண்டு சேர்ந்து ஏழு ஆயின. அதில் ஒன்று படுத்துக்கொண்டே தின்னும். அதற்குச் சோம்பேறி என்று பெயர். இன்னொன்று தவிட்டைத் தள்ளிவிட்டுப் பிண்ணாக்கை மட்டும் பொறுக்கும். வேறொன்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டுத் தரையில்தான் நக்கும். இவள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று அது தின்று முடிகிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஒரு மாடு ஒரு வாய் குறைத்துத் தின்றாலும் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் வீடு இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். சாலை ஓரம், உயரமான அடித்தளத்தின் மேல் கட்டிய மாடி வீடு. கீழே அவர்கள் இரண்டு பேர், மாடியில் ஒற்றை அறையில் நானும் என் மெஷினும். பின்பக்கப் படியில் இறங்கினால் தகரக் கூரை போட்ட தொழுவம். அதற்கு அப்பால் நிலம் சரிந்து ஒரு பள்ளம். பள்ளத்தைத் தாண்டினால் பழைய செங்கல் சூளை இருந்த மேடு, மொட்டையாக, ஒரு மரம்கூட இல்லாமல். இடது கைப்பக்கம் கால்வாய். என் ஜன்னலில் உட்கார்ந்தால் இத்தனையும் ஒரே பார்வையில் தெரியும்.

அந்த வருஷம் புயல் வரப் போகிறது என்று ரேடியோவில் சொன்னபோது யாரும் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் சொல்கிறார்கள், வருஷா வருஷம் நாலு தூறல் போட்டுவிட்டுப் போகிறது. ஆனால் இவள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். பச்சைப் புல்லைக் குறைத்து வைக்கோலைக் கூட்டினாள். வயிறு நிறைய வைக்கோல் இருந்தால் அது உள்ளே கிடந்து செரிக்கிற சூட்டில் மாடு எந்தக் குளிரையும் தாங்கும் என்றாள். தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவி நிரப்பி மூடி வைத்தாள். புயல் போன பிறகு ஊரெல்லாம் தண்ணீராகத்தான் இருக்கும், ஆனால் மாடு வாய் வைக்க ஒரு சொட்டு இருக்காது என்பது அவள் கணக்கு. சூளை மேட்டில் வைக்கோல் கட்டுகளைக் கொண்டுபோய் அடுக்கி, தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் செங்கல் அடுக்கினாள். ஒவ்வொரு மாட்டின் விலாவிலும் தம்பியின் போன் நம்பரைப் பெயிண்டால் எழுதினாள். மேனேஜருக்கு மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிது.

அப்போதுதான் தம்பிக்குச் சந்தேகம் வந்தது. மேட்டில் எதற்கு வைக்கோல் என்று கேட்டான். புயலன்று மாடுகளை அவிழ்த்து மேட்டில் விடப் போகிறேன் என்றாள். அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். ஊரில் எல்லாரும் கூடுதலாக ஒரு கயிறு போட்டுக் கட்டுகிறார்கள், இவள் இருக்கிற கயிற்றையும் அவிழ்க்கிறேன் என்கிறாளே என்று என்னிடம் வந்து முறையிட்டான். நானும் அவன் கட்சிதான். மழை பெய்தால் கோழியைக்கூடக் கூடைக்குள் போட்டு மூடுகிறோம், மாட்டைக் கொண்டுபோய்ப் புயலுக்கு நடுவில் நிறுத்துவார்களா?

"அவுத்து விட்ட மாடு திரும்பி வந்ததா யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?" என்றான் தம்பி.

"கட்டிப் போட்ட மாடு பொழச்சு நான் பாத்ததில்லங்க" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் அவள் தன் அப்பாவின் தொழுவத்தைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கு அப்போது விவரம் தெரிந்தும் தெரியாத வயது. புயல் வருகிறது என்று அவள் அப்பா மாடுகளை இரட்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். நல்லதென்று நினைத்துத்தான் கட்டினார். தண்ணீர் ஏறியது, கூரை இறங்கியது. மறுநாள் போய்ப் பார்த்தபோது எல்லா மாடும் வாசலைப் பார்த்தபடி, கழுத்துக் கயிறு எட்டுகிற மட்டும் இழுத்தபடி செத்துக் கிடந்தனவாம். அவிழ்த்து விட்டிருந்தால் நாலு எட்டில் மேட்டுக்குப் போயிருக்கும் என்று அவள் அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வாயில்லா ஜீவனுக்குக் கால் இருக்கே, அதையும் நாம பிடுங்கிக்கணுமா என்று கேட்டாள்.

ஆனாலும் தம்பிக்கு மனசு ஒப்பவில்லை. வேன் ஓட்டுகிற சம்பளம் கால் வயிற்றுக்கு, அந்த ஏழு மாடுதான் குடும்பம் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மாடு போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க யாரிடமும் தெம்பு இல்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"ஒன்னு குறைஞ்சாலும் எங்கிட்ட கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

உன் பதிலை வைத்து நான் பால் கறக்க முடியுமா என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். இருந்தாலும் அதற்கு மேல் தடுக்கவில்லை.

புயல் காலையில் வந்தது. விடிந்தும் விடியாத மாதிரி ஒரு வெளிச்சம், செம்பு நிறத்தில். அவள் மாடுகளுக்குக் கடைசியாக ஒரு தரம் வயிறு முட்ட வைத்துவிட்டு, கழுத்துக் கயிறுகளைக் கழற்றி மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் டின்னைத் தூக்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பழந்துணியால் சுற்றினாள். இன்றைக்கு வீட்டில் ஒரு தட்டுகூடச் சத்தமாகக் கீழே விழக் கூடாது, மாடு இறங்கி வந்துவிடும் என்று எங்கள் எல்லாரையும் எச்சரித்தாள். அப்புறம் தொழுவத்துக்குப் போனாள். கூரையின் ஓரத் தகடுகளில் கொக்கி துருப்பிடித்திருந்தது. அவை காற்றில் பறந்து யார் தலையிலாவது விழுந்து தொலைக்கும் என்று நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டின் பின்படியிலிருந்து தொழுவத் தூண் வரை இன்னொரு கயிற்றையும் இழுத்துக் கட்டினாள். யாராவது நடுவில் போக வேண்டி வந்தால் பிடித்துக்கொண்டு போகலாம்.

பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர் தன் ஆடுகளோடு எங்கள் கீழ் அறையில் தஞ்சம் புகுந்திருந்தார். அவர் வீடு ஓட்டு வீடு. ஆடுகள் கட்டிலில் ஏறின, பீரோவுக்குப் பின்னால் போயின, மாடிப் படியிலும் ஏறி வந்தன. நான் தைத்து முடித்து மடித்து வைத்திருந்த பள்ளிச் சீருடையில் ஒரு கையை ஒரு குட்டி மென்று விழுங்கிவிட்டது. வேறு நாளாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்று என் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை.

நான் அதுவரை காற்று என்றால் என்ன என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். வலப்பக்கமிருந்து கால்வாயைப் பார்த்து அடித்தது. மழை மேலிருந்து விழவில்லை, படுக்கை வாட்டில் போனது. மின்கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்தன. யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவு, தாழ்ப்பாளோடு, எங்கள் முற்றத்தைக் கடந்து போயிற்று. கை தானாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. இத்தனை பெரிய ஒன்றுக்கு முன்னால் மனிதர் கட்டுகிற சுவரெல்லாம் எந்த மூலைக்கு என்று தோன்றியது. பயத்தைவிட எனக்கு மலைப்புதான் அதிகமாக இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை.

மேட்டில் மாடுகள் நின்றன. ஏழும் காற்றுக்குப் பின்பக்கத்தைக் கொடுத்து, தலையைத் தாழ்த்தி, ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. முன்பக்கத் தெருவில் காரைச் சுவர் விழுகிற சத்தம் கேட்கிறது, அவை அசையவில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள், "பாத்தீங்களாக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த நிமிஷம் என் தம்பியும் மேலே வந்து பார்த்தான். அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. எனக்கும் அவள் ஜெயித்துவிட்டாள் என்றே தோன்றியது.

உச்சிப் பொழுதுக்குக் கால்வாய் கரையை மீறியது. தண்ணீர் எங்கள் பின்முற்றத்தில் புகுந்து, தொழுவத்தைச் சூழ்ந்து, பள்ளத்தை நிரப்பியது. மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

நான் என் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். டின் சுற்றிய துணிக்குள் சமர்த்தாக இருந்தது. சத்தம் தொழுவத்திலிருந்து வந்தது. ஓரத் தகடு ஒன்றின் ஒரு முனை பிய்த்துக்கொண்டு தூக்கித் தூக்கி உத்திரத்தில் அடித்தது. மறுமுனை விடவில்லை. அங்கேதான் அவள் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாளே. கட்டாமல் விட்டிருந்தால் எப்போதோ பறந்து தொலைந்திருக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். உலகத்தில் இருக்கிற எல்லா மாட்டையும் அவிழ்த்து விட்டவள் ஒரு தகட்டைக் கட்டி வைத்துவிட்டாள். தகரத்துக்குத் தகரம் அண்ணன் தம்பிதானே, சத்தம் அச்சாக அதே சத்தம்.

மேட்டில் மேனேஜர் தலையைத் தூக்கியது.

வயிறு நிறைந்துதான் இருந்தது. பசிக்கு வருகிற மாடாக இருந்தால் வந்திருக்காது. தினம் இரண்டு வேளை, இத்தனை வருஷமாக, அந்தச் சத்தம் கேட்டால் வர வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் ஊறிவிட்டது. அது ஒரு அடி எடுத்து வைத்தது. காற்று அதைத் தள்ளாட வைத்தது, மறுபடி ஒரு அடி வைத்தது. பின்னால் மகள், பேத்தி, பிண்ணாக்குப் பொறுக்கி, தொட்டி கவிழ்ப்பான், எல்லாம் வரிசையாக இறங்கின. கடைசியில் சோம்பேறி. அவள் எங்கே தட்டினாலும் அவள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்கிற விசுவாசத்தோடு ஏழும் பள்ளத்துத் தண்ணீரைப் பார்த்து வந்தன. அதைப் பார்த்து நான் ஐயோ என்று கத்திவிட்டேன். அவற்றை ஒரு நாளும் பிடிக்காத எனக்கே அப்படியென்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவள் அழவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. புல் அறுக்கிற அரிவாளைச் சுவரிலிருந்து எடுத்தாள். தம்பி குறுக்கே நின்று அவள் கையைப் பிடித்தான். போகட்டும் விடு, நீ போனால் நீயும் வர மாட்டாய் என்றான்.

"நான் கூப்பிடுறேன்னு நெனச்சுத்தாங்க வருதுங்க" என்றாள். கையை உதறிவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். இழுத்துக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில், தொழுவம் வரை போனாள். தூணில் ஏறினாள். தகடு அவள் தலைக்கு மேல் ஏறி இறங்கியது. அது பட்டால் கழுத்து இருக்காது. அது மேலே போகிற நேரம் பார்த்து ஒரு வீச்சு. கயிறு அறுந்தது. காற்று அந்தத் தகட்டை ஒரு காகிதம் போலத் தூக்கிக் கால்வாய்க்கு அப்பால் கொண்டு போயிற்று. சத்தம் நின்றது.

ஆனால் மாடுகள் அதற்குள் பள்ளத்தின் நடுவில் இருந்தன. தண்ணீர் அவற்றின் முதுகைத் தொட்டது. சத்தமும் இல்லை, போகிற திசையும் இல்லை. மேனேஜர் திகைத்து நின்றுவிட்டது, அது நின்றதால் எல்லாம் நின்றன. நீரோட்டம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்தியது. பின்படியிலிருந்து தம்பி, திரும்பி வா, திரும்பி வா என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் காதில் எதுவும் விழுந்திருக்காது. கயிற்றை விட்டுவிட்டாள்.

பாதி நீந்தி, பாதி மிதந்து, மேனேஜரிடம் போய்ச் சேர்ந்தாள். இழுக்கக் கழுத்தில் கயிறு இல்லை, அவளே கழற்றிவிட்டாள். தட்ட டின் இல்லை. கத்தக் குரல் இல்லை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பினாள். அந்தப் பெரிய உடம்பு, அத்தனை வெள்ளத்திலும், ஒரு சொல்லும் கேட்காமல், மெல்லத் திரும்பியது. அவள் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ள இரண்டும் சேர்ந்து நகர்ந்தன. மற்றவை பின்னால் திரும்பின. மனிதப் பிறவிக்கும் மாட்டுக்கும் நடுவில் இப்படி ஒரு பேச்சு நடக்கும் என்று யாராவது சொன்னால் அதற்கு முன் நான் சிரித்திருப்பேன்.

முதல் மாடு மேட்டில் கால் வைத்ததைப் பார்த்தேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்தேன். கடைசியாக வந்துகொண்டிருந்த சோம்பேறியை நீர் புரட்டியது. ஒரு தரம் அதன் கொம்பு தெரிந்தது. அப்புறம் மழை திரை போட்ட மாதிரி இறங்கி மேட்டையே மறைத்துவிட்டது. அவள் ஏறினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி பின்னாலேயே குதித்தான். தண்ணீர் அவனைத் தூக்கி எங்கள் படியிலேயே மோதியது. இரண்டாம் தரமும் குதித்தான். ஆட்டுக்காரர் அவன் இடுப்பைக் கட்டி இழுத்து உள்ளே போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார். அவர் நல்ல மனிதர். அன்றைக்கு என் தம்பி அவரை என்னென்ன திட்டினான் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரிப்பா, சரிப்பா என்று மட்டும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அவனுக்குத் திட்டவும் சக்தி போய்விட்டது. குட்டி போட்ட பூனை மாதிரி மாடிக்கும் கீழுக்கும் நடந்தான். இருட்டிய பிறகு நடப்பதையும் விட்டுவிட்டு ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தான். நான் என்ன ஆறுதல் சொல்வது? ஆட்டுக் குட்டி ஒன்று அவன் மடியில் ஏறிப் படுத்தது. அதையும் அவன் தள்ளவில்லை.

விடிந்தபோது காற்று ஓய்ந்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்திருந்தது. தம்பி இறங்கினான், ஆட்டுக்காரர் இறங்கினார். நானும் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது, சேற்றைக் கண்டால் அருவருப்பு. ஆனால் அந்த ஜன்னலில் இன்னொரு நிமிஷம் உட்கார என்னால் முடியாது. தொழுவம் இருந்த இடத்தில் நாலு தூண்கள் மட்டும் நின்றன. ஆட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி மேடேறினேன்.

மாடுகள் மேட்டின் நடுவில் நெருக்கமாக, ஒரு வட்டம் மாதிரி, பின்பக்கங்கள் வெளியே தெரிய நின்றன. அவற்றின் உடம்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. தம்பி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். அவன் நெருங்கியபோது மாடுகள் வழி விடவில்லை. அவனைத் தெரியாததுபோல் நின்றன. தோளால் இடித்து, இரண்டு வயிறுகளுக்கு நடுவே நுழைந்து உள்ளே போனான். நான் அவன் பின்னாலேயே மாடுகளைக் கையால் தள்ளிக்கொண்டு போனேன். அதுவரை வாழ்நாளில் மாட்டைத் தொடாத என் கை, அடுப்பில் வைத்த பானையைத் தொட்ட மாதிரி, கதகதவென்ற ஒரு விலாவில் பட்டது.

உள்ளே மேனேஜர் படுத்திருந்தது. அதன் வயிற்றில் சாய்ந்து, அதன் கழுத்து தன் மடியில் வளைந்து கிடக்க, அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி வைக்கோல் சிதறிக் கிடந்தது. தார்ப்பாயை எப்படியோ பிரித்துப் போட்டிருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது, நெற்றியில் ரத்தம் உறைந்திருந்தது, கண் திறந்திருந்தது. ராத்திரி முழுக்க அத்தனை குளிருக்கும் மழைக்கும் நடுவில் அவளுக்குச் சுவராகவும் கூரையாகவும் நின்றவை அந்த மாடுகள். தன் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறவள்போல் இருந்தாள். எனக்குக் கும்பிடத் தோன்றியது, யாரை என்று தெரியவில்லை.

தம்பி அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் முகத்தை இரண்டு கையாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், காது, நெற்றி, தோள் என்று. அவள்தான் முதலில் பேசினாள். காற்றுக்கும் மழைக்கும் பிறகு அந்தக் குரல் மிச்சமிருந்ததே பெரிது. நான் குனிந்துதான் கேட்டேன்.

"ஒன்னு குறையுதுங்க. சோம்பேறி. எட்டிப் பிடிச்சேன், கையில நிக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் பதில் சொல்றேன்னு சொன்னேன்."

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி நிற்கிற மாடுகளை அப்போதுதான் கவனித்தவன்போல ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுபடி அவளிடம் திரும்பினான்.

"நான் இன்னும் மாட்ட எண்ணவே இல்ல" என்றான்.

சொல்லிவிட்டு அவள் பக்கத்தில், அந்தச் சேற்றிலேயே, உட்கார்ந்தான்.